சர்க்கஸும் நமது கடமையும்

அறுவடை முடிந்து, கழனிகளில் தாள் மட்டும் நிற்கும் மாசி பங்குனி மாதங்களில், உத்திரமேரூர்ப் பக்கத்துக்கு முன்னெல்லாம் சர்க்கஸ் வருவதுண்டு. இப்பொழுது வரக் காணோம். அது வராமற் போனதற்காக வருந்துவோர் ஊரில் பலர் இருக்கலாம்; ஏன் வராமற் போயிற்று என்று கேட்டவர் சிலரே. சர்க்கஸ் சிறுவர்களின் வேடிக்கைதானே, அதைப் பற்றித் தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்ட ஒரு தொழில், அந்நியன் முன்னிலையில் தலை நிமிர்ந்து இந்தியர் தொடங்கிய ஒரு வித்தை, நம் கண்ணெதிரே நசித்துவரும்போது வாளாவிருப்பது தேசாபிமானிகளுக்கு அழகன்று என்பது நமது அபிப்பிராயம்.

நமது பாலியம் நினைவுக்கு வருகிறது. கூடாரம் எழுவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, தமுக்கு அடித்துக்கொண்டு ஒரு மாட்டு வண்டி தெருத்தெருவாய்ச் சுற்றும். வண்டியிலிருந்து வீசும் ரோஜா நிற நோட்டீசைப் பொறுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புழுதியில் விழுந்து எழுவோம். இரவில் சர்க்கஸ் விளக்கின் ஒளி ஆகாயத்தைத் துழாவும். அதைக் கண்டு நாலைந்து மைல் தூரத்துக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் வண்டி பூட்டிக்கொண்டு வந்து சேரும். தரை டிக்கெட் நாலணா. பபூன் சிரிக்க வைப்பான். யானை மணியடித்துப் பூஜை செய்யும். கடைசியில் பார் விளையாட்டு. ஓர் ஊஞ்சலை விட்டு மற்றோர் ஊஞ்சலைப் பற்றுமுன், எதையும் பற்றாமல் அந்த மனிதன் அந்தரத்தில் நிற்கும் அரைக் கணத்தில், கூடாரமெங்கும் ஓசை அடங்கிவிடும். மிராசுதார் நாற்காலியிலும் பண்ணையாள் தரையிலும் உட்கார்ந்திருப்பார்கள் என்பது உண்மையே; ஆயினும் இருவரும் மூச்சை அடக்கியதும் விட்டதும் ஒரே சமயத்தில்தான். கோவிலிலும் குளத்திலும் பிரிந்து நின்ற ஊர் அந்த அரைக் கணம் ஒன்றாயிருந்தது.

பெரிய சர்க்கஸ் வராத ஆண்டுகளில் சைக்கிள் வித்தைக்காரன் வருவான். கோவில் மைதானத்தில் ஏழு நாள் இரவும் பகலும் இறங்காமல் சுற்றுவான்; குளியலும் சாப்பாடும் சைக்கிளின் மேலேயே நடக்கும். அவனுக்குக் கூடாரமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. கடைசி நாளில் ஊரார் விரிக்கும் துண்டில் விழும் காசும் நெல்லுமே அவன் வருமானம்.

மகிழ்ச்சியை மட்டும் சொல்லி நிறுத்தினால் நாம் உண்மையை மறைத்தவராவோம். ஒருநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் கூடாரத்தின் பின்புறமாக நடந்தோம். முந்தின இரவு கம்பியின் மேல் குடை பிடித்து நடந்த பெண், உள்ளங்காலில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நம் வயதுதான் இருக்கும். நம் கையிலிருந்த பலகையைச் சுட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டாள். சொன்னோம். அவள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. பக்கத்துக் கூண்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது எழுந்து ஒருமுறை திரும்புவதற்குக்கூட அந்தக் கூண்டில் இடமில்லை. அதையும் பார்த்துவிட்டுத்தான் போனோம். அன்று மாலையும் நாலணாவுக்குப் பிடிவாதம் பிடித்து அழுதோம். கை தட்டியவர்களில் நாமும் இருந்தோம் என்பதை மறந்துவிட்டு இன்று தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இந்த வித்தையின் வேர் நம் மண்ணுக்குப் புதிதன்று. கயிற்றின் மேல் ஆடும் கூத்தரின் பறையொலி குறுந்தொகையிலேயே பேசப்படுகிறது. கழைக்கூத்தாடிகள் நேற்றுவரை நம் சந்தைகளில் மூங்கில் நட்டு ஆடியவர்கள். கூடாரமும் வட்ட அரங்கும் கொண்ட சர்க்கஸோ மேனாட்டிலிருந்து வந்தது. 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற குதிரைப்படை வீரர் அதற்கு அடிகோலினார். 1879-இல் கியாரினி என்ற இத்தாலியர் தம் சர்க்கஸுடன் பம்பாய்க்கு வந்தபோது, இந்தியர் சொந்தத்தில் சர்க்கஸ் நடத்தும் காலம் இன்னும் வரவில்லை என்று இளப்பமாய்ப் பேசியதாகச் சொல்வர். குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரைகளைப் பழக்கிவந்த விஷ்ணுபந்த் சத்ரே அதைக் கேட்டுச் சும்மா இருக்கவில்லை. 1880 மார்ச் 20-ஆம் தேதி அதே பம்பாயில் அவருடைய கிரேட் இந்தியன் சர்க்கஸ் முதற் காட்சியை நடத்தியது. சுதேசி இயக்கம் தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே சர்க்கஸ் சுதேசியாகிவிட்டது!

வங்காளத்தில் பிரியநாத் போஸ் 1887-இல் கிரேட் பெங்கால் சர்க்கஸைத் தொடங்கினார். மலையாளக் கரையில் தலைச்சேரியில், தேகப் பயிற்சி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். அவருடைய சீடர் பரியாலி கண்ணன் 1904-இல் கிராண்டு மலபார் சர்க்கஸை நிறுவினார். அதன்பின் தேசத்தில் எந்தக் கூடாரத்துக்குள் நுழைந்தாலும் தலைச்சேரிக்காரர் ஒருவராவது இருப்பார் என்னும் நிலை ஏற்பட்டது. ஆந்திரத்து வீரர் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின் மேல் யானையை நிற்க வைத்துக் காட்டியபோது, இந்தியன் பலஹீனன் என்று ஏளனம் பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடிமைப்பட்டிருந்த காலத்தில் நம் இளைஞருக்குத் தேகபலத்திலும் தைரியத்திலும் நம்பிக்கை ஊட்டிய ஸ்தாபனங்களில் சர்க்கஸும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

இவ்வளவு பெருமையுடைய சர்க்கஸ் ஏன் நசித்தது? மிருகங்களைச் சட்டம் பறித்துக்கொண்டதே காரணம் என்று கம்பெனிக்காரர்கள் கூறுகிறார்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டலாகாது என்று மத்திய சர்க்கார் 1998 அக்டோபரில் அறிவித்தனர். சர்க்கஸ் முதலாளிகள் நியாயஸ்தலத்துக்குச் சென்றனர். 2000-இல் கேரள ஹைகோர்ட்டும், 2001-இல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த அறிவிப்பு செல்லுமென்று தீர்ப்பளித்தன. 2011 ஏப்ரலில், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. இவ்விரண்டு தடைகளையும் நாம் முழு மனதுடன் ஆதரிக்கிறோம். திரும்ப இடமில்லாத அந்தக் கூண்டையும், மஞ்சள் பூசிய அந்தப் பாதத்தையும் நேரில் கண்ட நாம் வேறு விதமாக எழுத முடியாது. குழந்தையின் படிப்பைப் பறித்தும், வாயில்லா ஜீவனை வதைத்தும்தான் ஒரு கலை வாழ முடியுமென்றால் அது வாழவே வேண்டாம்.

ஆனால் சட்டத்தின் கருணை பாதி வழியில் நின்றுவிட்டது. சர்க்கஸிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களையும் புலிகளையும் வைத்துப் பராமரிக்கத் தேசத்தில் சில இடங்களில் புகலிடங்கள் அமைத்தார்கள். அவற்றுள் ஒன்று உத்திரமேரூருக்கு அதிகத் தொலைவில்லாத வண்டலூர் மிருகக் காட்சிச்சாலையில் அமைந்தது. முதுமையடைந்த சிங்கத்துக்கு மருத்துவரும் மாமிசமும் நிழலும் கிடைத்தன. நல்ல காரியம். அந்தச் சிங்கத்துக்கு இருபது வருஷம் தீனி வைத்தவன் எங்கே போனான்? பார் விளையாட்டில் தோள் நழுவிய பெண்ணும், வயதான பபூனும் எந்தப் புகலிடத்துக்குப் போனார்கள்? மிருகத்துக்குக் காட்டிய ஜீவகாருண்யத்தில் பாதியேனும் மனிதனுக்குக் காட்டப்பட்டதா? கேரள சர்க்கார் முதிய சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் அளிக்கிறார்கள். 2010-இல் தலைச்சேரியில் ஒரு சர்க்கஸ் கலாசாலையும் திறந்தார்கள்; அது சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது வருந்தத்தக்கது. முயன்று தவறியதற்காக அவர்களைக் குறை கூற நமக்கு வாயில்லை; நாம் முயலவே இல்லை.

மிருகம் போனது ஒரு காரணமே. ஊருக்குப் பொதுவாயிருந்த மைதானங்கள் மனைகளாகிவிட்டன. எஞ்சிய மைதானத்துக்குக் கேட்கும் வாடகையோ வசூலில் பெரும் பங்கை விழுங்குகிறது. நூறு பேருக்கு நாள்தோறும் உலை வைக்கவேண்டிய கம்பெனி, ஒரு வாரம் மழை பிடித்தால் கடனாளியாகிறது. 1920-இல் தோன்றிய கிரேட் பாம்பே சர்க்கஸ் தன் நூறாவது ஆண்டில், 2020-இன் ஊரடங்கின்போது, மன்னார்குடியில் கூடாரம் போட்டபடியே சிக்கிக்கொண்டது. நாடோடிக்கு ஓடுவதே பிழைப்பு. அவனை நிற்கச் சொன்னால் அவன் எதைத் தின்பான்? அந்த அடியிலிருந்து இத்தொழில் இன்னும் தேறவில்லை.

சினிமாவும் கைப்பேசியும் வந்தபின் சர்க்கஸை யார் பார்ப்பார்கள் என்று கேட்பாரும் உளர். சினிமா சர்க்கஸுக்குக் கடன்பட்டது என்பதை இவர்கள் அறியார். 1948-இல் வாசன் ‘சந்திரலேகா’வை எடுத்தபோது, உண்மைச் சர்க்கஸ் கம்பெனிகளையே அமர்த்திப் படம்பிடித்தார். திரையில் தாவுகிறவன் விழமாட்டான் என்பது நமக்குத் தெரியும். கூடாரத்தில் தாவுகிறவன் விழக்கூடும். அந்த அச்சத்தையும், அவன் மறு ஊஞ்சலைப் பற்றும்போது எழும் ஆனந்தத்தையும் எந்தத் திரையும் தர இயலாது. அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் யானைகளை விலக்கியபின் வசூல் குன்றி, 2017-இல் மூடப்பட்டது. 2023-இல் மிருகங்கள் ஏதுமின்றி, மனித வித்தையையே நம்பி மறுபடி தொடங்கிற்று. ருஷ்யாவில் 1919-இலேயே லெனின் கையெழுத்திட்ட கட்டளை, நாடகத்தோடு சர்க்கஸையும் தேசத்தின் கலையென்று சர்க்கார் பொறுப்பில் சேர்த்தது. 1927-இல் மாஸ்கோவில் அதற்கெனப் பள்ளியும் ஏற்பட்டது. கலையென்று மதித்த இடத்தில் சர்க்கஸ் வாழ்கிறது. வேடிக்கையென்று தள்ளிய இடத்தில் மாய்கிறது.

நாம் கோருவது அதிகமில்லை. முதலாவது, ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் ஒரு மைதானத்தை விற்காமல் காத்து, ஆண்டில் சில வாரங்கள் குறைந்த வாடகைக்குக் கலைக் குழுக்களுக்கு அளிக்க வேண்டும். 1981-இல் பெங்களூரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றித் தொண்ணூறு பேருக்கு மேல், பெரும்பாலும் குழந்தைகள், மாண்ட கோரத்தை மறக்கலாகாது. எனவே தீக்காப்பு விதிகளில் தளர்வு கூடாது. ஆனால் விதிகள் ஒரே மேஜையில் முடியவேண்டும். பத்து ஆபீசுகளின் படியேறச் செய்வது பாதுகாப்பு ஆகாது. இரண்டாவது, கரகத்துக்கும் கூத்துக்கும் சர்க்கார் அளிக்கும் மரியாதையும் உதவியும், கழைக்கூத்தாடி முதல் பார் வீரன் வரை ஐயத்துக்கிடமின்றிக் கிடைக்கவேண்டும். மூன்றாவது, படிப்பை முடித்த வாலிபருக்கு இவ்வித்தையைக் கற்பிக்க ஒரு பள்ளியும், அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸும், முதியோருக்கு ஓய்வூதியமும் வேண்டும்.

இவற்றுள் முதலாவதைச் செய்யச் சென்னைக் கோட்டையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் நிற்கின்றன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பொதுச் சொத்தைக் காக்க ஊராரே குடவோலை இட்டு ஆள் தேர்ந்தெடுத்த இடம் அது. அந்தச் சாசனத்தைக் காட்டி உலகத்துக்குப் பெருமை பேசுகிறோம். பேசும் ஊர்கள் பொது மைதானம் ஒன்றைக் காத்துக் கொடுக்கலாகாதா?

சர்க்கஸ் மறுபடி நம் ஊருக்கு வரட்டும். சிங்கமின்றி வரட்டும், சிறுமியைக் கம்பியில் ஏற்றாமல் வரட்டும். கம்பியில் நடப்பவள் வயது வந்தவளாய், எழுதப் படிக்கத் தெரிந்தவளாய், கூலியும் காப்புறுதியும் பெற்றவளாய் நடக்கட்டும். அன்று நமது பேரப் பிள்ளைகளைத் தரை டிக்கெட்டில் உட்கார வைத்து, மனம் உறுத்தாமல் நாமும் கை தட்டுவோம்.