வேலை வந்தது, வீடு எங்கே?

ஒரு தொழிற்சாலை அமைவதற்கு வேண்டிய காரணிகளைப் புவியியல் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிறோம்: மூலப்பொருள், மின்சக்தி, நீர், போக்குவரத்து, சந்தை, தொழிலாளர். ஒன்று விடுபட்டால் மதிப்பெண் போய்விடும். ஆயினும் இப்பட்டியலிலேயே ஒரு குறை உண்டென்று நமக்குத் தோன்றுகிறது. நிலக்கரி இரவில் உறங்க இடம் கேட்பதில்லை. தொழிலாளிக்கோ இடம் வேண்டுமன்றோ!

சென்னைக்கு மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்வோம். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்த வட்டாரம் அது. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் பின்னாளில் அங்கே நிலம் எடுத்து, சாலையும் நீரும் மின்சாரமும் அமைத்துக் கொடுத்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் கைத்தொலைபேசி ஆலையும் வந்தது. பின்னர் ஆலைகள் பெருகின. தொலைதூர மாவட்டங்களிலிருந்து, நம்மைவிட இரண்டு மூன்று வயதே மூத்த பெண்கள் பெட்டியுடன் வந்து இறங்கினர். இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்கள் 100 பேரில் ஏறத்தாழ 40 பேர் தமிழ்நாட்டில்தான் உள்ளனர். பெருமைப்படத்தக்க செய்தியே. ஆனால், அவர்கள் எங்கே தங்குவார்கள் என்று முதலிலேயே எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

விடை 2021 டிசம்பரில் தெரிந்தது. ஒரு விடுதியின் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். அமைதியே பெண்ணுக்கு அழகு என்று சொல்வோர் அன்று என்ன நினைத்தார்களோ, நாம் அறியோம். அவர்கள் அமர்ந்தது சரியென்றே நாம் கருதுகிறோம்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. செலவு ரூ. 706.50 கோடி. நன்று; மனமார வரவேற்கிறோம். ஆனால் ஆலை முதலிலும் படுக்கை பல ஆண்டுகள் கழித்தும் வருவதைத் திட்டம் என்று எப்படி அழைப்பது? மேலும், விடுதிக் கட்டில் ஒருத்திக்கு உரியது. அவள் மணம் புரிந்து, கையில் குழந்தையுடன் அதே வேலையில் தொடர விரும்பினால்? வாடகைக்கு ஏற்ற சிறு வீடு, குழந்தைகள் காப்பகம், நடந்து போகும் தொலைவில் பள்ளி, இரவுப்பணி முடிந்து திரும்பப் பேருந்து ஆகியவையும் ஆலையின் வரைபடத்தோடு சேர்த்தே வரையப்படவேண்டும். அவ்வூர் ஊராட்சியையும் அழைத்துக் கேட்கவேண்டும். புதிதாக வருவோருக்குக் குடிநீர் தருவதும் குப்பை அள்ளுவதும் அவர்கள் பொறுப்பில்தானே விழுகிறது!