எது வட்டாரம்?

சென்னையில் ஒரு கூட்டம். கரீபிய இலக்கிய விழா ஒன்றுக்குப் போய்த் திரும்பியவர், அங்கே சாம் செல்வனைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். 1923-ல் டிரினிடாடில் பிறந்தவர். தகப்பனார் சென்னையிலிருந்து போனவர். 'லோன்லி லண்டனர்ஸ்' (1956) நாவலை முதலில் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார், நகரவில்லை. தன் தீவின் பேச்சுக்கு மாறியதும் மடமடவென்று வந்துவிட்டது. உரையாடல் மட்டுமல்ல, கதை சொல்கிற குரலே அந்தப் பேச்சுதான். நவீனத்துவத்தின் சாதனை என்றார். எனக்கும் மறுப்பில்லை.

அடுத்த கால்மணியில் அதே வாய், கி. ராஜநாராயணனை 'நல்ல வட்டார எழுத்தாளர்' என்று தட்டிக்கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்தது.

நான் கடம்பூர்க்காரன். 'கோபல்ல கிராமம்' (1976) என் காதில் வட்டாரமாக விழவில்லை, தமிழாகத்தான் விழுகிறது. கரிசல் பேச்சை நம் விமர்சகர்கள் மேற்கோள் குறிக்குள் அனுமதிப்பார்கள். குறியைத் தாண்டி ஆசிரியன் இடத்தில் வந்து உட்கார்ந்தால் கொச்சை. அந்த இடத்துக்குரிய தமிழை எந்த ஊரில் பேசுகிறார்கள்? தி. ஜானகிராமனின் காவிரிக்கரைப் பேச்சை யாரும் இவ்வளவு சுலபமாக வட்டாரம் என்று சொல்லிவிடுவதில்லை.

கி.ரா.வே 1982-ல் தம் அகராதிக்குக் 'கரிசல் வட்டார வழக்கு' என்று பெயர் வைத்தாரே என்பார்கள். வைத்தார். (அடக்கம் அவருடையது, அதை முத்திரையாக்கிக் குத்தியது நீங்கள்.)

கூட்டம் முடிந்ததும் அவரிடம், பூமணியின் 'பிறகு' (1979) படித்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

இங்கிலீஷில் வந்திருக்கிறதா என்றார்.