எத்தனை மாதத்துக்கு ஒரு மெழுகு?

தில்லியில் புதிதாகக் கார் வாங்கியவரை முதல் ஆறு மாதம் அரிக்கும் கேள்வி ஒன்று உண்டு. பெயின்ட் கெடாமல் இருக்க எத்தனை நாளைக்கு ஒரு முறை வாக்ஸ் போட வேண்டும்? ஷோரூம்காரர், வாக்ஸெல்லாம் பழைய காலம், செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள் என்பார். கரோல் பாக் கார் அலங்காரக் கடைக்காரர் மாதா மாதம் என்பார், டப்பாவையும் நீட்டுவார். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற அண்டர் செக்ரட்டரி, தன் அம்பாசடருக்கு ஞாயிறுதோறும் பாலிஷ் போட்ட கதையைச் சொல்வார். மூன்று பதில்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். தெருவில், வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கூரைக்கு அடியில் நிற்பதற்கு நான்கு மாதத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் போடுவது கடைக்காரருக்குத்தான் லாபம். ஆனால் தில்லியில் இது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, தினமும் காலையில் உங்கள் காரை யார், எதனால் துடைக்கிறார் என்பது.

இது புரிய, காரின் தோலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி போல நிறமில்லாத ஒரு பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சுக்குக் கிளியர் கோட் என்று பெயர். நாம் ‘பளபளப்பு’ என்று சொல்வது இதைத்தான். இதன் தடிமன் நம் தலைமுடி ஒன்றின் தடிமனைக்கூட எட்டாது. வெயிலின் புற ஊதாக் கதிர், எச்சத்தின் அமிலம், புழுதி எல்லாவற்றையும் இந்த மெல்லிய தோல்தான் தாங்குகிறது. மெழுகு அந்தத் தோலுக்கு மேல் போடும் ஒரு சட்டை. அடி வாங்கித் தேய்வதுதான் அதன் வேலை. தேய்ந்ததும் புதிதாக ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

அண்டர் செக்ரட்டரி சொன்னதும் பொய்யில்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் கிளியர் கோட் கிடையாது. நிறப் பூச்சே வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பாகும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும், அடியிலிருந்து புது நிறம் எட்டிப்பார்க்கும். இன்றைய காரில் அந்த வைத்தியம் ஆபத்து. பாலிஷ் என்பது எடுப்பது, மெழுகு என்பது சேர்ப்பது. கடையில் இரண்டையும் பாலிஷ் என்றே அழைப்பதால் குழப்பம் வருகிறது. மெஷின் வைத்து ‘ரப்பிங்’ செய்யும் ஒவ்வொரு முறையும் கிளியர் கோட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. அது திரும்ப வளராது. மாதம் ஒரு ரப்பிங் செய்துகொள்பவர், காசு கொடுத்துத் தன் காரின் ஆயுளைச் சுரண்டச் சொல்கிறார்.

இனி தில்லிக்கே உரிய எதிரிகள். ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் ‘ஆந்தி’ என்னும் புழுதிக் காற்று ஒரே மாலையில் வெள்ளைக் காரைக் காவி ஆக்கிவிடும். அந்தப் புழுதியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அது கண்ணாடியையே கீறும் கடினம் கொண்டது, கிளியர் கோட் எம்மாத்திரம்? காற்று அதைக் கொண்டுவந்து வைப்பதோடு சரி. உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு அதை நான்கு பக்கமும் தேய்ப்பது நாம்தான். வெயிலில் பானெட்டைச் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் அது ஆந்தி போட்டதல்ல, துணி போட்டது.

அடுத்தது மரம். புது தில்லியின் சாலைகளுக்கு மரம்தான் அழகு. கர்த்தவ்ய பாதையில் நாவல், ஜன்பத்தில் மருது, அக்பர் சாலையில் புளி. ஆனால் ஜூலையில் நாவல் மரத்தடியில் காரை விட்டவருக்கு அந்த அழகின் மறுபக்கம் தெரியும். பழம் விழுந்தால் கறை, அதைத் தின்ற பறவையின் எச்சம் விழுந்தால் கறையோடு அமிலமும் சேரும். வெயிலில் சூடேறி இளகியிருக்கும் பூச்சில் எச்சம் காய்ந்து ஒட்டினால், மாலைக்குள் அதன் அச்சு பதிந்துவிடும். மெழுகு இருந்தால் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கும். இல்லையென்றால் அந்தச் சில மணியும் இல்லை. நிழலும் வேண்டும், காரும் கெடக் கூடாது என்றால், டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீரும் சுத்தமான துணியும் எப்போதும் இருக்க வேண்டும். எச்சத்தை நனைத்து, ஊறவிட்டு, ஒற்றி எடுங்கள். சுரண்டாதீர்கள்.

தில்லிக் காலனிகளில் காலை ஐந்தரை மணிக்கே கார் துடைப்பவர் வந்துவிடுவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி, இருபது கார். முதல் காருக்குத் தண்ணீர், பத்தாவது காருக்குச் சேறு, இருபதாவது காருக்கு உப்புத்தாள். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொசைட்டியில் அவருக்குத் தரும் தண்ணீர் அவ்வளவுதான். நாம் ஒரு காருக்குத் தரும் மாதக் கூலியில் அவர் புதுத் துணி வாங்கவும் முடியாது. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கோட்டிங் போடும் நாம், அவர் கையில் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் நம் வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீரும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும். தண்ணீர் இல்லாத நாளில், ‘இன்று கண்ணாடி மட்டும் துடைத்தால் போதும், பையா’ என்று சொல்லிவிடலாம். புழுதியோடு நிற்கும் காருக்குக் கெடுதல் இல்லை. புழுதியோடு துடைக்கப்படும் காருக்குத்தான் கெடுதல்.

அப்படியானால் தினமும் குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாமா? கூடாது. 2024 மே மாத இறுதியில் தண்ணீர்த் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோது, குழாயால் கார் கழுவுவோருக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவித்தது. கண்காணிக்க 200 குழுக்களும் அமைக்கப்பட்டன. அபராதத்தை விடுங்கள். குழாயில் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் என்று வைத்தாலும் கால் மணியில் 150 லிட்டர். தெருக்கோடியில் டேங்கர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில் அது எத்தனை குடம் என்று கணக்குப் போட்டால் கை கூசும். இரண்டு வாளி போதும்: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசும் நீர். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், அது எண்ணெயோடு மெழுகையும் சேர்த்து வழித்துவிடும். மெழுகு பூசிய கார் ஒட்டுகிற அழுக்கைச் சீக்கிரம் விட்டுவிடும் என்பதால் கழுவும் தண்ணீரும் மிச்சம்.

போட வேண்டிய காலம் எது? தில்லி நாட்காட்டிப்படி, மார்ச் கடைசியில் ஆந்திக்கு முன் ஒன்று. ஜூன் கடைசியில் மழைக்கு முன் ஒன்று. தீபாவளிப் பட்டாசுக் கரி ஓய்ந்ததும் நவம்பரில் ஒன்று. தெருவில் நிற்கும் வண்டியானால் செப்டம்பரில் இன்னொன்று. தேதி மறந்துவிட்டால் தண்ணீரே சொல்லும்: பானெட்டில் தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, பாய் விரித்தாற்போல் படர்ந்தால் தீர்ந்துவிட்டது. கார் குளிர்ந்திருக்கும்போது, நிழலில், மெல்லிசாகப் பூசுங்கள். தடிமனாக அப்பினால் பலன் கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பாருங்கள், வெள்ளையாகக் காய்ந்து அசிங்கமாகத் தெரியும்.

டப்பாவில் ‘கார்னோபா’ என்று போட்டிருந்தால் அது பிரேசில் நாட்டின் ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. தில்லிக் கோடையில் இரண்டு மூன்று மாதம் தாங்கினால் அதிகம். செயற்கை சீலன்ட் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். செராமிக் இன்னும் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அழுக்குத் துணியின் கீறலிலிருந்து எந்தக் கோட்டிங்கும் முழுதாகக் காப்பாற்றாது.

மெழுகால் ஆகாத காரியமும் உண்டு. நாட்டின் முதல் மாருதி 800 காரின் சாவியை 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் வாங்கிக்கொண்டவர் தில்லிக்காரரான ஹர்பால் சிங். கடைசிவரை அதை அவர் விற்கவில்லை. 2010-ல் அவர் மறைந்தபின், கிரீன் பார்க் வீட்டு வாசலில் நின்றபடியே அந்த வெள்ளைக் கார் துருப்பிடித்தது. படங்கள் வெளியாகிப் பலர் வருந்தினார்கள். பிற்பாடு அது புதுப்பிக்கப்பட்டு மாருதி நிறுவனத்தின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. துரு பெரும்பாலும் கதவின் அடிப்பக்கம், சக்கர வளைவு, கால்மிதியின் கீழ் என்று தண்ணீர் தேங்கும் மறைவிடங்களில்தான் தொடங்கும். அங்கே மெழுகுத் துணி போகாது. ஓடாமல், கழுவாமல், கவனிப்பாரற்று நிற்பதுதான் காருக்குப் பெரிய வியாதி.

பதினைந்து வருடத்தில் கழிக்கப்போகும் வண்டிக்கு இவ்வளவு சீராட்டு எதற்கு என்று தில்லிவாசி கேட்பது நியாயமே. 10 வருடம் கடந்த டீசல் வண்டியும் 15 வருடம் கடந்த பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பல கார்கள் அந்த நாள் வருமுன்பே தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போகின்றன. வாங்க வருபவர் எஞ்சினைக் கேட்பதற்கு முன் பானெட்டைத்தான் தடவிப் பார்க்கிறார். வெளுத்த கூரையைக் காட்டி அவர் குறைக்கும் தொகையில் பதினைந்து வருடத்துக்கான மெழுகு டப்பாக்கள் வாங்கிவிடலாம்.

ஆகவே வருடத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு முறை. டப்பா வாங்கப் போகும்போது மறக்காமல் துணியும் வாங்குங்கள். உங்களுக்கு ஒன்று, காலையில் வருபவருக்கு இரண்டு.