மன்னார்க் காற்றின் விலை

நிலக்கரியும் எண்ணெயும் எரித்துப் பெறும் மின்சாரத்தினும் காற்றாலும் கதிரவனாலும் பெறும் மின்சாரம் மேலானது என்பதை இக்காலத்து மறுப்பார் அரியர். யானும் மறுக்கேன். ஆயினும் ஒரு பொருள் தூயதாயிருத்தல் வேறு. அதனைப் பெறும் வழி நேரியதாயிருத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, தம் ஊரில் காற்றாலை வேண்டாமென்பாரையெல்லாம் முன்னேற்றத்தின் பகைவரென இகழ்வார் நம்முள்ளும் உளர். தனுஷ்கோடிக்கு நேர் எதிரே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர்க் கடலுக்கு அப்பால் கிடக்கும் மன்னார்த் தீவில் நிகழ்ந்தவற்றை நோக்குவார்க்கு இவ்விகழ்ச்சி எத்துணைப் பொருந்தாதது என்பது புலனாகும்.

இலங்கைக்கு மின்சாரம் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. 2022-ஆம் ஆண்டிலே எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணியின்றி அந்நாடு தத்தளித்தபோது, மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்வெட்டு நிகழ்ந்தது. காற்றோ எந்தக் கப்பலையும் எதிர்பாராது வருவது. அதிலும் மன்னாரில் தென்மேற்குப் பருவக்காற்று மிக்க வலியுடையது. இதனையறிந்த இலங்கை மின்சார சபையார், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியால் அத்தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நிறுவினர். 103.5 மெகாவாட் ஆற்றலுடைய அந்நிலையம் 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்னும் பெயரால் திறக்கப்பட்டது.

பின்னர் நம் நாட்டு அதானி கிரீன் எனர்ஜி கம்பெனியார் ஆங்குச் சென்றனர். மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவாட் காற்று மின்சாரம். 442 மில்லியன் டாலர் முதல். போட்டி விலைமனுக் கோராமலே இவ்வேலை அவர்க்கு ஒப்புவிக்கப்பட்டது. யூனிட் ஒன்றுக்கு 8.26 அமெரிக்க சென்ட் வீதம் 20 ஆண்டுகள் மின்சாரம் வாங்க 2024 மே மாதத்தில் இலங்கை அமைச்சரவை இசைந்தது. பின்பு வந்த அரசாங்கத்தார் அவ்விலை மிகையென்றும் 6 சென்டுக்கும் குறைவாகவே தருதல் வேண்டுமென்றும் கூறினர். 2025 பிப்ரவரியில் கம்பெனியார் தாம் மரியாதையுடன் விலகிக்கொள்வதாக எழுதி விடைபெற்றனர். செய்தித்தாள் படிப்போரிற் பலர்க்குக் கதை இத்துடன் முடிந்தது: விற்பான் ஒரு விலை சொன்னான், வாங்குவான் வேறு விலை சொன்னான், பேரம் முறிந்தது.

ஆனால் மன்னாரில் எழுந்த வழக்கு விலையைப் பற்றியது மாத்திரமன்று. 2024-இல் உயர்நீதிமன்றத்தை நாடியவருள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரும் இருந்தனர். மன்னார் மறைமாவட்ட ஆயரும் இருந்தார். மத்திய ஆசியாவினின்று வலசைவரும் பறவைகளின் வழி அத்தீவின்மேற் செல்கிறது. அதனை அடுத்துள்ள வங்காலைச் சரணாலயம் 2010-ஆம் ஆண்டிலேயே ராம்சார் உடன்படிக்கையிற் சேர்க்கப்பெற்ற ஈரநிலம். பறவைகளின்பொருட்டுப் பேசியோரின் குரல் கடல் கடந்தும் கேட்டது. மனிதரின்பொருட்டுப் பேசியோரின் குரல் அத்துணைக் கேட்கவில்லை. தீவு தாழ்ந்தது, தட்டையானது, மணற்பாங்கானது. காற்றாலைகளுக்கென மண் கொட்டி உயர்த்திய சாலைகள் மழைநீர் கடலுக்கு வடியும் வழிகளை அடைத்துவிட்டன என்பதும், முன்னில்லாத அளவு வெள்ளம் இல்லங்களில் தேங்குகிறது என்பதும், கரையோரத்து மீன்பாடு குறைந்தது என்பதும் ஊரார் முறையீடு. பூநாரை அழகிய பறவை. பரதவர் குடிசையுள் புகுந்த வெள்ளம் அழகியதன்று. ஆதலின் அதனைப் படமெடுப்பாரும் சிலரே.

இனி, விலையே நோயாக இருந்திருப்பின், விலை குறைந்ததும் அந்நோய் தீர்ந்திருத்தல் வேண்டும். அதே மன்னாரில் 50 மெகாவாட் நிலையமொன்றுக்குப் போட்டி விலைமனுவினால் 4.65 சென்ட் என்னும் விலை கிடைத்தது. எடுத்தவரும் இலங்கைக் கம்பெனியாரே. அயலார் என்னும் குறையும் இல்லை; மிகைவிலை என்னும் குறையும் இல்லை. அவ்வாறிருந்தும் 2025 ஆகஸ்டில் காற்றாலை உறுப்புகளை ஏற்றிவந்த பாரவண்டிகளை மக்கள் வீதியில் மறித்து நின்றனர். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். பின்னர் மேற்செல்லுமாறு பணித்தார். செப்டம்பர் இறுதியில் போலீசாருக்கும் மக்களுக்கும் கைகலப்பு நேர்ந்தது. விலை பாதியளவாகக் குறைந்தபின்னும் எதிர்ப்பு அணுவளவும் குறையாமை எதனைக் காட்டுகிறது? கொழும்பிலே கேட்கப்பட்ட வினா வேறு; மன்னாரிலே கேட்கப்பட்ட வினா வேறு. முன்னதற்கு விடை கிடைத்தது. பின்னது இன்னும் நிற்கிறது.

வேதாகமத்தில் நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக் கதையை அறியாதார் நம்முள் இலர். ஆகாப் அரசன் முதலிற் கேட்டது அநியாய விலைக்கன்று என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனினும் நல்ல தோட்டம் தருவேன், அன்றேல் அதன் பெறுமதியைப் பணமாகத் தருவேன் என்றே அவன் சொன்னான். பின்னர் விளைந்த கொடுமையை மன்னாரோடு ஒப்பிடுதல் மிகை. யான் அது செய்யேன். ஒன்று மாத்திரம் நெஞ்சை உறுத்துகிறது. நாபோத்தாவது நேரிற் கேட்கப்பட்டான்.

ஒரு தீவினரின் மனக்குறையால் நாடு முழுவதும் இருளிற் கிடப்பதா என்று வினவலாம். வழக்குத் தொடுத்தோர் காற்றாலையே ஆகாதென்றாரில்லை, அவ்விடம் ஆகாதென்றனர். நாகர்கோவிலுக்குச் செல்வோர் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைக் கண்டு மகிழ்வர், யானும் மகிழ்ந்ததுண்டு. ஆனால் மலையடிவாரத்து வறண்ட நிலம் ஒன்று; இருபுறமும் கடல் சூழ்ந்து, மழைநீர் போக வழி தேடும் மணல்தீவு மற்றொன்று. முன்னதிற் பயின்ற கணக்கைப் பின்னதிற் போடலாகாது.

ஆகவே நம் நாட்டுக் கம்பெனியாயினும் அந்நாட்டுக் கம்பெனியாயினும், விலைமனுவுக்கு முன்னர் வேண்டப்படுவது நீரோட்டக் கணக்கு. அதனை எடுப்பவர் கம்பெனியாரிடத்துக் கூலி பெறாதவராக இருத்தல் வேண்டும். எடுத்த கணக்கு மீனவர் ஊர்களிலே தமிழிற் படித்துக் காட்டப்பெற்று, அவர்தம் மறுமொழி எழுதிக்கொள்ளப்படுதல் வேண்டும். இதற்குப் புதிய காற்றாலை எதனையும் எதிர்நோக்கியிருக்க வேண்டுவதில்லை. முன்னே நிறுவிய முப்பதின் சாலைகள் அங்கேயே இருக்கின்றன. மாரியும் ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் வருகிறது.