பாடம் வந்தது, ஆசிரியர் எங்கே?



சென்ற விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது. ஆரம்பப் பள்ளியில் என்னிடம் படித்த தம்பி ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் முதலாண்டை முடித்து வந்திருந்தான். உடன் வந்த அவன் தாயார் இருபது ஆண்டுகளாகச் செம்பனைக் காட்டில் மருந்தடிப்பவர். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளை கப்பலேறாமல் விமானமேறிப் படிக்கப் போனான்.

மதிப்பெண் பட்டியலைக் காட்டினான். சுற்றுச்சூழல் கல்வியில் நூற்றுக்கு 84. நான் பாராட்டினேன். தாயாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அதே பூரிப்போடு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா தம்பி, நம்ம குளியலறையில மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணி பிடிச்சு வச்சிருக்கோமே, அது ஆகுமா, ஆகாதா?"

பையன் விழித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அது சிலபஸ்ல இல்லம்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே நெஞ்சு கனத்தது. துருவிக் கேட்டேன். அந்தப் பாடத்தை நடத்தியவர் வணிகவியல் ஆசிரியராம். அவருடைய கால அட்டவணையில் சில மணி நேரம் காலியாக இருந்ததால் அவர் தலையில் கட்டிவிட்டார்களாம். அவர் குறிப்புகளைச் சொல்வார், மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். "களப்பணி இருக்குமே, ஏரி குளம் எதையாவது போய்ப் பார்த்தீர்களா?" என்றேன். "முந்தின வருஷத்து அண்ணன்களோட நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம் சார்" என்றான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

இந்தப் பாடம் கல்லூரிக்குள் வந்த கதையைச் சற்றுக் கேளுங்கள். எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குத் தொடுத்தார். சுற்றுச்சூழலைக் காக்க வேண்டுமானால் முதலில் மக்களுக்கு அதைப் பற்றிய அறிவு வேண்டும் என்பது அவர் வாதம். 1991 நவம்பர் 22இல் தீர்ப்பு வந்தது. திரையரங்குகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இதைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டும், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு முழுதாக நடைமுறைக்கு வர மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2003இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய பிறகே எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடமாக இது வேரூன்றியது.

பல்கலைக்கழக மானியக் குழு அப்போது வகுத்த பாடத்திட்டம் குறை சொல்லக் கூடியதன்று. எட்டு அலகுகள், 50 வகுப்பு நேரம். இயற்கை வளம், உயிரினங்கள், மாசு, மக்கள் தொகை என்று எல்லாம் உண்டு. எட்டாவது அலகு முழுவதும் களப்பணி. அருகிலுள்ள ஆற்றையோ காட்டையோ மலையையோ போய்ப் பார்த்து எழுத வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்தை நேரில் காண வேண்டும். செடி, பூச்சி, பறவைகளை அடையாளம் காண வேண்டும். நூறு மதிப்பெண்ணில் 25 இதற்கே. இதற்கான பாடநூலை எழுதித் தந்தவர் ஏரக் பரூச்சா. அவர் தொழிலால் அறுவை மருத்துவர், உள்ளத்தால் இயற்கைக் காவலர். பின்னர் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2023இல் மானியக் குழு புதிய வழிகாட்டுதலையும் வெளியிட்டது.

ஆக, தீர்ப்பு இருக்கிறது, திட்டம் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. ஆனால் நம் தம்பியின் வகுப்பில் அந்தப் பாடத்துக்கென்று ஓர் ஆசிரியர் மட்டும் இல்லை.

அந்த வணிகவியல் ஆசிரியரை நான் குறை கூறமாட்டேன். எனக்கும் அந்த அனுபவம் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையால் ஓராண்டு இசைப் பாடம் என் பொறுப்பில் விழுந்தது. எனக்கோ சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. என்ன செய்தேன் தெரியுமா? பாட்டுகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொன்னேன். நோட்டுகள் நிரம்பின, நானும் கையெழுத்திட்டேன். ஆண்டு முழுவதும் என் இசை வகுப்பில் ஒரு பாட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை! தெரியாத பாடத்தைக் கையில் கொடுத்தால் எந்த ஆசிரியரும் நோட்டுக்குள்தான் ஒளிந்துகொள்வார்.

"இது பல துறை கலந்த பாடம், யார் நடத்தினாலும் போதும்" என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது தலைகீழான நியாயமாகப் படுகிறது. வேதியியல், உயிரியல், சட்டம், பொருளாதாரம் எல்லாம் ஓரிடத்தில் கூடும் பாடத்தை, அவற்றைக் கூட்டிப் பார்க்கப் பயின்றவர் அல்லவா நடத்த வேண்டும்? அப்படிப் பயின்றவர்கள் இல்லாமலும் இல்லை. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைப் பட்டங்கள் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்வில் அது தனிப் பாடமாகவே இருக்கிறது.

"ஆறு மாதப் பாடத்துக்கு ஓர் ஆளா?" என்று சிலர் கேட்கலாம். வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பழைய திட்டப்படி ஒரு வகுப்புக்கு 50 மணி நேரம். பத்து முதலாண்டு வகுப்புகள் உள்ள கல்லூரிக்கு 500 மணி நேரம். மானியக் குழு விதிப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்தில் 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். ஆண்டில் 30 வாரம் என்றால் 480 மணி நேரம். பார்த்தீர்களா? ஒரு முழு ஆசிரியருக்கு வேண்டிய வேலை அங்கே காத்துக்கிடக்கிறது. அதைத் துண்டு துண்டாக்கி, நேரம் காலியாக உள்ளவர்களுக்குப் பங்கிட்டுவிட்டு, "ஆளுக்கு வேலை இல்லை" என்றால் எப்படி?

அமர்த்துவதிலும் முறை இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் கௌரவ விரிவுரையாளராக வைத்தால் போதாது. ஒரு குளத்தை அறிய அதை மழையிலும் பார்க்க வேண்டும், கோடையிலும் பார்க்க வேண்டும். இவ்வாண்டு மாணவர்கள் எழுதியதை அடுத்த ஆண்டு மாணவர்கள் எழுதியதோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அதே ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் பார்த்த பிறகு அவரைக் கல்லூரியின் பின்பக்கக் கால்வாய்க்கு அழைத்துப் போகட்டும். "இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இதில் என்ன கலந்திருக்கும்? எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்கட்டும். அந்தக் கரையில் நின்று பேசத் தெரிந்தவரே இந்தப் பாடத்துக்கு ஆசிரியர்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டில் பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதுவரை அந்தத் தாயார் தோளில் சுமந்து தெளித்தவற்றில் அதுவும் ஒன்று. தெளித்தது இன்னதென்று அவருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. நஞ்சின் நடுவே பிழைப்பவர்களின் பிள்ளைகளைவிட இந்தப் பாடம் யாருக்கு அதிகம் தேவை?

தாயாரின் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "ஆகாதம்மா. மருந்து இருந்த தோம்பை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுத் தண்ணீருக்கு வைக்கக் கூடாது. காலியானதும் மூன்று முறை நன்றாக அலச வேண்டும். அலசிய தண்ணீரைக் கால்வாயில் கொட்டாமல் மருந்து கலக்கும் தொட்டியிலேயே சேர்த்துவிட வேண்டும். பிறகு யாரும் எடுத்துப் புழங்காதபடி ஓட்டை போட்டு, நிர்வாகத்திடம் ஒப்படைக்க வேண்டும்."

அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. "எட்டு வருஷமா அதுலதான் சார் குளிக்கிறோம்" என்றார்.

மறுநாள் காலை தம்பி இரும்புக் கம்பியைக் காய்ச்சி அந்தத் தோம்பில் ஓட்டை போட்டு, அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தானாம். 84 மதிப்பெண் செய்யாததை ஒரு கேள்வி செய்தது. அந்தக் கேள்வியை வகுப்பிலேயே கேட்கவைக்கும் ஆசிரியர் ஒருவர் அவனுக்கு வாய்த்திருக்கலாம்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையை எந்த நாட்டுக் கல்லூரியில் சேர்த்தாலும் சரி, கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கும்போது இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். சுற்றுச்சூழல் பாடத்தை நடத்துபவர் யார்? அவர் என்ன படித்தவர்? பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே அழைத்துப் போவாரா? கேட்பது நம் உரிமை. கட்டணத்தில் நம் வியர்வை இருக்கிறது.