இரண்டரை கிலோவைச் சொல்லுங்கள்

மரச்செக்கு எண்ணெய்க் கடை இல்லாத ஊர் இன்று தமிழ்நாட்டில் அபூர்வம். அந்தக் கடைகளின் வாசலில் தொங்கும் ஃப்ளெக்ஸ் பேனரை ஓர் ஊரில் கழற்றி இன்னோர் ஊரில் கட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 100 சதவீதம் சுத்தம், பாரம்பரியம் மாறாத தரம், ஆரோக்கியமான வாழ்வு என்று மூன்று அடைமொழிகள், ஒரு செக்கு படம், கீழே கைபேசி எண். செக்குக்குப் பதில் சேலையை வைத்தால் அது ஜவுளிக்கடை விளம்பரம். லட்டை வைத்தால் இனிப்புக்கடை விளம்பரம். எல்லாக் கடைக்கும் பொருந்துகிற வாசகம் எந்தக் கடைக்கும் ஆள் கூட்டி வராது. பெரிய நிறுவனங்கள் நடிகரை வைத்தும், தினமும் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டியும் வெறும் அடைமொழியை மக்கள் மனதில் ஏற்றிவிட முடியும். அந்தப் பணம் சிறு வியாபாரியிடம் இல்லை. அவரிடம் இருப்பது தொழில் விவரம். வாடிக்கையாளர் தானே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய விவரத்தை எழுதுவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகிற விளம்பரம்.

செக்குக்காரருக்கு என்னவெல்லாம் தெரியும் என்று பாருங்கள். செக்கு வாகை மரத்தில் செய்ததா, கடலை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நல்லெண்ணெய்க்கு எள்ளோடு எவ்வளவு கருப்பட்டி போடுகிறார், ஆட்டிய எண்ணெயை எத்தனை நாள் தெளிய வைக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். ஒரு லிட்டர் கடலையெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ கடலைப்பருப்பு வேண்டும் என்பதும் தெரியும். இதில் ஒன்றுகூட பேனரில் இருக்காது. இப்படி எழுதினால் என்ன: “ஒரு லிட்டருக்கு இரண்டரை கிலோ கடலைப்பருப்பு போடுகிறோம். செவ்வாய், வெள்ளி காலை 7 மணிக்குச் செக்கு ஓடும், நின்று பார்க்கலாம். ஆட்டிய தேதி பாட்டிலில் இருக்கும்.” இதைப் படிக்கிற குடும்பத் தலைவி மளிகைக்கடையில் பருப்பு என்ன விலை என்று அறிந்தவர். இரண்டரையால் பெருக்கி, புண்ணாக்கு விற்கும் காசைக் கழித்துப் பார்த்தால், இந்த எண்ணெய் பாக்கெட் எண்ணெயைவிட ஏன் விலை கூடுதல் என்பது அவருக்கே விளங்கிவிடும். அந்தத் தொகைக்கும் கீழே செக்கு எண்ணெய் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருக்கவும் அதே கணக்கு கற்றுக்கொடுக்கும். அடுத்தவர் சொன்னதைவிடத் தான் கணக்குப் போட்டுக் கண்டதைத்தான் மனிதர் உறுதியாக நம்புகிறார்.

விளம்பரத் தொழிலின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்க விளம்பர எழுத்தாளர் கிளாட் ஹாப்கின்ஸ் ஷ்லிட்ஸ் என்ற பீர் நிறுவனத்துக்காக எழுதியபோது, எல்லோரும் ‘தூய்மை’ என்ற ஒரே சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஆலைக்குள் போய், பாட்டில்களை எப்படிக் கழுவுகிறார்கள், தண்ணீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று பார்த்து, கண்டதை அப்படியே எழுதினார். மற்ற ஆலைகளும் அதையேதான் செய்தன. சொன்னவர் இவர் ஒருவர்தான். விற்பனை ஏறியது. இன்னொரு விளம்பர எழுத்தாளரான டேவிட் ஓகில்வி 1958-ல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய புகழ்பெற்ற தலைப்பில் ‘சொகுசு’ என்ற சொல்லே கிடையாது. மணிக்கு 60 மைல் வேகத்தில் காருக்குள் அதிகம் கேட்கும் ஓசை மின்கடிகாரத்தினுடையது என்ற தகவல்தான் இருந்தது. நம் பக்கத்துக்கு வந்தால், 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாயின் பெருமையும் கரிசல் மண் கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்ற விவரங்களில்தான் நிற்கிறது. ‘சுவையோ சுவை’ என்று எழுதியிருந்தால் எந்தக் குறியீடும் கிடைத்திருக்காது.

பைக்கில் போகிறவர் இவ்வளவையும் நின்று படிப்பாரா என்று கேட்கலாம். படிக்க மாட்டார், ஆனால் அந்த மூன்று அடைமொழிகளையும் அவர் படிப்பதில்லையே. பார்த்துப் பார்த்துப் பழகிய சொற்களைக் கண் தாண்டிப் போய்விடும். ‘1 லிட்டருக்கு இரண்டரை கிலோ’ என்ற ஒற்றை வரி பேனருக்குப் போதும். மிச்சத்தை நோட்டீஸிலும், பாட்டில் லேபிளிலும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் சொல்லலாம். வாங்க நினைப்பவர் அங்கே நிதானமாகப் படிப்பார்.

ஊரே மிகைப்படுத்தும்போது உள்ளதை மட்டும் சொல்கிறவர் எடுபடுவாரா என்பது இதைவிடக் கனமான கேள்வி. புதிதாகக் கடை திறந்தவருக்கு முதல் சில வாரங்கள் ஆரவாரம் கைகொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் சிறுகடை பிழைப்பது இரண்டாம் முறை வருகிறவரால். சர்க்கரை நோய் தீரும், மூட்டுவலி போகும் என்று நம்பி வாங்கியவர், தீராதபோது எண்ணெய் நன்றாக இருந்தாலும் திரும்பி வரமாட்டார். சட்டமும் இப்போது முன்போல இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பழச்சாற்றை ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று விற்காதீர்கள் என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் உத்தரவிட்டது. மிகைச்சொல்லுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது.

எனக்கு எழுத வராதே என்று கடைக்காரர் கையை விரிக்கலாம். அதனால்தான் டிடிபி சென்டர் தம்பியிடமோ, கைபேசியில் இருக்கும் செயற்கை நுண்ணறிவிடமோ வேலையை விடுகிறார். இருவருக்கும் கடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் அடைமொழியைத்தான் எழுத முடியும். உண்மையில் கடைக்காரர் தினமும் கல்லாவில் உட்கார்ந்து தன் விளம்பரத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ‘என்னண்ணே, பாக்கெட் எண்ணெயைவிட இவ்வளவு கூடச் சொல்றீங்க?’ என்று வாடிக்கையாளர் கேட்கும்போது அவர் வாயில் வருகிற பதில் எதுவோ அதுதான் வாசகம். அடுத்த முறை ஃப்ளெக்ஸ் அடிக்கப் போகும்முன் அந்தப் பதிலை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். அதை அப்படியே அச்சடிக்கச் சொல்லுங்கள்.