தெருவறிந்து செல்க

அயலூரார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதுகின்றார். "நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குவேன், அங்கே காத்திருங்கள்" என்கின்றார். எந்த நிலையத்திற்குச் செல்வது? வெளியூர் வண்டிகள் வடசேரியில் நிற்பன. நகர வண்டிகள் மீனாட்சிபுரத்தில் நிற்பன. புகைவண்டி என்றாலும் சந்திப்பு நிலையமொன்று, டவுன் நிலையமொன்று என இரண்டுள. அன்றியும், கோட்டாற்றுக் கடைத்தெருவில் தங்குவோனுக்கும் பார்வதிபுரத்தில் தங்குவோனுக்கும் ஊர் ஒன்றேயாயினும், விடியும் பொழுதும் அடங்கும் பொழுதும் வேறு, செலவும் வேறு, அயலாரும் வேறு. இதனை நன்கறிந்த நாமே, கடல் கடந்து செல்லுங்கால் "லண்டனுக்குப் போகின்றோம்", "சிங்கப்பூருக்குப் போகின்றோம்" என்று நகரின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றோம். இப்பழக்கம் ஒழிதல் வேண்டுமென்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

நம் நாட்டார்க்குக் கடற்பிரயாணம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தென்திருவிதாங்கூரிலிருந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் சென்றோர் பலர். இன்று வளைகுடா நாடுகளுக்கும், சிங்கப்பூருக்கும், இங்கிலாந்துக்கும் நம் கல்லூரி மாணவர்கள் செல்கின்றனர். கடவுச்சீட்டும் விசாவும் மாதக்கணக்கிற் சேகரிக்கப்படுகின்றன. ஏத்தங்காய் உப்பேரியும் ஊறுகாயும் நிறுத்துக் கட்டப்படுகின்றன. ஆயின், "நீ தங்கப்போகும் தெரு எத்தகையது?" என்று வினவுவார் வீட்டிலும் இலர், கல்லூரியிலும் இலர். வினவினாலும், "அங்கே நம்மூர் அண்ணாச்சி ஒருவர் இருக்கின்றார், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்பதே விடை. அண்ணாச்சி நல்லவரே, எனினும் அவர்க்கும் வேலையுண்டு, விடுப்பின்மையுண்டு.

பெயரொன்றை மட்டும் நம்பிச் செல்வதால் விளையும் இடருக்கு லண்டனையே காண்க. அந்நகரின் மேற்குப் பகுதியில் ஈலிங் என்றொரு பேட்டை உளது. ஈலிங் ரோடு என்பதொரு தெருவும் உளது. இந்தியக் கடைகள் நிறைந்த அத்தெரு ஈலிங்கில் இல்லை. சில மைல்களுக்கப்பால் வெம்பிளியில் உளது. அங்கு ஆட்சி செலுத்தும் நகரவையும் வேறு. பெயரளவில் ஆராய்ந்து அறை பேசியவன், தன் கல்லூரிக்கு நடந்து செல்லலாமென்று எண்ணிப் போய், நாள்தோறும் வண்டிச்சத்தம் கொடுத்தலைவான். அந்நகரில் வண்டிக் கட்டணமோ நடுநகரிலிருந்து விரியும் மண்டலங்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஆகவே, மலிவான வாடகையென்று தொலைவிற் குடியேறியவன் மிச்சம் பிடித்த பணத்தை வண்டிக்கே கொடுத்துவிடுதலும் கூடும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையைச் சூழ்ந்த லிட்டில் இந்தியா நம்மவர் பலரும் முதலிற் காணும் இடமாம். தேக்காச் சந்தையும் காளியம்மன் கோவிலும் கண்டு, "இது நம்மூரே" என்று மகிழ்வோர் பலர். ஆயின் அது நம்மூர் அன்று. 2013 டிசம்பர் 8 அன்று தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்திற் சிக்கி மாண்டதைத் தொடர்ந்து அங்கே கலகம் மூண்டது. பின்னர் 2015இல் வந்த சட்டத்தால், பொதுவிடத்தில் மது அருந்துதல் அந்நாடெங்கும் இரவு பத்தரை மணி முதல் காலை ஏழு மணி வரை விலக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலுமோ சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரை அவ்விலக்கு நீடிக்கின்றது. சில தெருக்களுக்கு அப்பால் குற்றமாகாத செயல் இத்தெருவிற் குற்றமாதல் கூடும். நாட்டின் சட்டத்தை மட்டும் படித்தவன் இதனை அறியான். பேட்டையை ஆராய்ந்தவனே அறிவான்.

இவ்வளவும் பணத்திற்கும் மானத்திற்கும் நேரும் இழப்பே. உயிரையே பணயம் வைக்கும் அறியாமையும் உண்டு. 2022ஆம் ஆண்டில், தாய்லாந்தில் கணினி வேலையென்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற தமிழிளைஞர் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரிலுள்ள மியாவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டனர். இணையவழி மோசடி செய்யுமாறு துன்புறுத்தப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் நம் வெளியுறவு அமைச்சு எச்சரிக்கை விடுத்தது. அக்டோபரில் 13 தமிழர் மீண்டு சென்னை வந்தடைந்தனர். குற்றம் வஞ்சித்தோருடையதே, வஞ்சிக்கப்பட்டோரை ஒருபோதும் பழியோம். எனினும் படத்தை விரித்துப் பார்ப்போம். மியாவாடிக்கு எதிர்க்கரையிலுள்ள தாய்லாந்து ஊர் மே சோத். இடையே ஓடுவது மோய் என்னும் ஆறு. பாங்காக்கிலிருந்து அவ்வூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பாங்காக்கில் அலுவலகம் என்று சொல்லப்பட்டவன் அப்படத்தை ஒருமுறை கண்டிருப்பின், வண்டி மேற்றிசை நோக்கிப் பல மணி நேரம் ஓடும்போதே ஐயுறுவான்; வீட்டாருக்குச் செய்தி அனுப்பவும் முற்படுவான். ஆழமறியாமற் காலை விடாதே என்னும் பழமொழியை நம் பாட்டிமார் ஆற்றங்கரைக்கு மட்டும் சொல்லவில்லை.

அங்ஙனமாயின் ஆராய்வது எங்ஙனம்? முதலாவது, விலாசத்தை முழுமையாகக் கேட்டு வாங்குக. கொடுக்கத் தயங்குவோனிடம் பணம் கொடுக்கத் தயங்குக. இரண்டாவது, இணையத்துப் படத்தில் அத்தெருவைத் தேடி, நிலையமும், மருத்துவமனையும், காவல் நிலையமும், இந்தியத் தூதரகமும் எவ்வளவு தொலைவென அளந்து, கைப்பேசி ஒளியிழக்கும் நாளுக்காகத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. மூன்றாவது, வேலைக்குச் செல்வோராயின், முகவர் அரசின் பதிவு பெற்றவர்தாமா என்பதை அரசின் இணையத்தளத்திற் சரிபார்க்க. நான்காவது, அங்கே குடியிருப்போர் ஒருவரையன்று, இருவர் மூவரைக் கேட்க. பகலில் உலவும் மாணவன் சொல்வதும் இரவுப்பணி முடித்துத் தனித்து வரும் செவிலி சொல்வதும் ஒன்றாயிரா. அச்செவிலியின் சொல்லே நமக்குப் பெரிதும் பயன்படும்.

நிற்க. ஆராய்ச்சி என்ற பெயரால் வீண் அச்சமும் இழிவெண்ணமும் சேர்த்துக்கொள்ளலாகாது. சார்லஸ் பூத் என்பவர் லண்டன் மாந்தரின் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, 1889 முதல் ஏழு வண்ணங்களில் தேசப்படங்கள் வெளியிட்டார். செல்வர் தெருவுக்கு மஞ்சள். கடையர் தெருவுக்குக் கருப்பு. கருப்புத் தெருவினரைத் தீயொழுக்கத்தார் என்றும் பாதிக் குற்றவாளிகள் என்றும் அப்படத்தின் குறிப்பு கூறியது. வறுமையே குற்றமென மதிக்கப்பட்டது காண்க! அவ்வாறு இகழப்பட்ட ஓல்டு நிக்கல் என்னும் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டு, 1900இல் அவ்விடத்தில் புதிய குடியிருப்பு திறக்கப்பட்டது. படம் அச்சேறிப் பத்தாண்டு சென்றபின் அதனைக் கையிலேந்திச் செல்வோன் என் செய்வான்? 1956 நவம்பருக்கு முன் அச்சான நூலைக் கொண்டு நம் மாவட்டத்திற்கு வருவோன் திருவிதாங்கூர்-கொச்சியின் அரசாங்கத்தைத் தேடியலைவது போலாம்.

இக்காலத்தும் அவ்விடர் உண்டு. இங்கிலாந்துக் காவல்துறையின் குற்ற நிகழ்ச்சிகளைத் தெருவாரியாகக் காட்டும் படம் 2011 முதல் இணையத்தில் உளது. அதில் புள்ளிகள் மிகுந்த இடம் பெரும்பாலும் நிலையமோ கடைவீதியோ ஆகும். மக்கள் திரளுமிடத்து நிகழ்ச்சிகளும் திரளுமன்றோ? அன்றியும், அப்புள்ளிகள் நிகழ்ந்த இடத்தையே காட்டாமல் அருகான ஓரிடத்தையே காட்டுவன. எனவே, எண்ணைக் கண்டு வெருளாது, எண்ணுக்குக் காரணம் யாதென வினவுதலே கற்றோர் கடன்.

மாணவ அன்பர்களே! நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. நம் கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு கையேடு வைக்கப்படுக. பல நாடுகளிலும் வாழும் பழைய மாணவர்கள் தாம் குடியிருக்கும் பேட்டையைப் பற்றி ஒவ்வொரு பக்கம் எழுதி அனுப்புக. வாடகை எவ்வளவு, கடைசி வண்டி எப்பொழுது, எத்தெருவில் இரவில் விளக்கில்லை, எக்கடைக்காரர் புதியோர்க்கு வழிசொல்வார் என்பன அதில் இடம்பெறுக. ஆண்டுதோறும் அது திருத்தப்படுக; ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் எழுதிய ஆண்டு குறிக்கப்படுக. இதற்குப் பெருஞ்செலவில்லை, பயனோ ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் காப்பதாதல் கூடும்.

அதற்குப் பயிற்சியாக, இங்குள்ள மாணவர் ஒவ்வொருவரும் முதலில் தத்தம் தெருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பாராக. நம் தெருவில் எந்நேரம் தண்ணீர் வரும், மழையில் எவ்விடம் தேங்கும், புதியவன் யார் வாயிலில் தயங்காது வழி கேட்கலாம் என்று எழுத முயலும்போதுதான், நாம் எவ்வளவு குறைவாக அறிந்துள்ளோம் என்பது புலனாகும். தன் தெருவைக் காணக் கற்றவன் பிறர் தெருவிலும் கண்திறந்து நடப்பான். அங்குள்ளோர்க்கு இடையூறின்றி நல்ல அயலானாகவும் வாழ்வான்.